கடலில் நேரும் இழப்புக்கு ஈடு செய்தல்

மும்பை நகரின் மேற்குக் கரையில் ஹாஜி அலி, வொர்லி ஆகிய இடங்களில் கடல் நன்கு வற்றும் வேளைகளில் கரும்பாறைத் திட்டுகள் வெளித் தோன்றும். அவற்றின் இடுக்குகளிலும் குட்டைகளிலும், உள்ளங்கை அளவும் இல்லாத சில பவளக் கூட்டங்கள் ஒட்டி வாழ்ந்து வந்தன. கலங்கிய நீரிலும் நகரக் கழிவிலும் பிழைக்கக்கூடிய முரட்டு இனங்கள் அவை. கடற்கரைச் சாலை அமைப்பதற்காக அப்பகுதியின் ஒரு பாகத்தை மண்ணும் கல்லும் இட்டுத் தூர்க்க வேண்டி வந்தபோது, 18 பவளக் கூட்டங்கள் அடையாளம் காணப்பட்டன. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் தேசியக் கடலியல் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் அவற்றைப் பெயர்த்தெடுத்து, சிலவற்றை வொர்லியிலேயே சாலை படாத ஓரிடத்திலும், எஞ்சியவற்றைத் தெற்கே கொலாபாவின் நேவி நகர்க் கரையிலும் பதித்தனர். அவை உயிருடன் இருக்கின்றன என்று பின்னர் அறிவிக்கப்பட்டது.

செயல் நன்றே. ஆயினும் இந்நிகழ்ச்சி ஒரு வினாவை எழுப்புகிறது. அச்சாலைக்காகக் கடலில் தூர்க்கப்பட்ட பரப்பு சுமார் 111 ஹெக்டேர். அப்பரப்பில் இருந்தவை 18 பவளக் கூட்டங்கள் மட்டுமா? சிப்பி, கிளிஞ்சில், நண்டு, நத்தை, கொட்டலசு, பாசி, மீன் குஞ்சு எனக் கணக்கில் அடங்காத உயிர்கள் அங்கே இருந்தன. அவற்றை எவரும் பெயர்த்து நடவில்லை. பவளத்துக்கு மட்டும் இச்சலுகை கிடைத்ததன் காரணம் உயிரியல் அன்று, சட்டமே. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. அட்டவணையில் பெயர் உள்ளதை அனுமதியின்றித் தொடலாகாது. பெயர் இல்லாததைத் தொடுவதற்குத் தடை இல்லை. ஆகவே, ஈடு செய்ய வேண்டிய இழப்பு எது என்று தீர்மானிக்கும்போதே பெரும் பகுதி கணக்கினின்று நழுவிவிடுகிறது.

ஈட்டு முறை என்றால் என்ன?

ஓரிடத்தில் தவிர்க்க இயலாது அழியும் உயிர்வளத்துக்குப் பதிலாக, அதற்கு நிகரான உயிர்வளத்தை வேறிடத்தில் உண்டாக்குவதோ, அழியும் நிலையிலுள்ள ஒன்றைக் காத்து நிலைபெறச் செய்வதோ ஈட்டு முறை எனப்படும். கூட்டிக் கழித்துப் பார்க்கையில் நாட்டின் உயிர்வளம் குறையாதிருக்க வேண்டும் என்பது இதன் குறிக்கோள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1972 ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தை ஒட்டிச் சதுப்பு நிலங்களுக்காக இம்முறை வளர்ந்தது. கானடா 1986 ஆம் ஆண்டில் மீன் வாழிடங்களுக்கு இதே கொள்கையை வகுத்தது. ஆஸ்திரேலியா 2012 ஆம் ஆண்டில் தேசிய அளவில் ஈட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, ஈட்டின் பெரும் பங்கு, அதாவது நூற்றுக்கு 90, நேரடியாகக் களத்தில் பயன் தருவதாக இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆராய்ச்சிக்கும் பிரசாரத்துக்கும் பணம் கொடுத்துவிட்டு ஈடு செய்ததாகச் சொல்லிக் கொள்வதைத் தடுக்கவே இந்த விதி.

எந்த நாட்டுக் கொள்கையாயினும் ஒரு வரிசை முறையை வற்புறுத்துகிறது. முதலில் இழப்பைத் தவிர்க்க வேண்டும்; தவிர்க்க இயலாததைக் குறைக்க வேண்டும்; குறைத்த பின்னும் நேர்ந்த சேதத்தை அவ்விடத்திலேயே சீர்ப்படுத்த வேண்டும்; இவை யாவும் செய்தபின் எஞ்சும் இழப்புக்கே ஈடு. ஒடிசாவில் தாம்ரா துறைமுகம் கட்டப்பட்டபோது, அருகிலுள்ள கஹிர்மாதா கரைக்குத் திரளாக முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் தூர்வாரும் கப்பலின் உறிஞ்சு வாயில் சிக்காதவாறு, அவ்வாயின் முன்னே ஆமைகளை ஒதுக்கித் தள்ளும் சட்டங்கள் பொருத்தப்பட்டன. இது இரண்டாம் படியைச் சேர்ந்தது. இதனை ஈடு என்று அழைத்தல் தவறு. நடைமுறையிலோ நான்காம் படியைப் பற்றிய பேச்சே முதலில் எழுகிறது. இடம் தேர்ந்தாகி, வரைபடம் வரைந்தாகி, ஒப்பந்தமும் ஆனபின் உயிரினக் கணக்கெடுப்புக்கு ஆள் அனுப்பப்படுமானால், தவிர்த்தல் என்னும் முதற்படி அந்தக் களப்பணியாளர் கரையை அடையுமுன்பே கடந்து போயிருக்கும்.

நமது நாட்டில் காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுப்பதை 1980 ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதில் காடு வளர்ப்பதற்கான நிதியை நிர்வகிக்க 2016 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கடலுக்கு இத்தகைய தனிச் சட்டம் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலுள்ள விதிகளும், ஒவ்வொரு திட்டத்துக்கும் வழங்கப்படும் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளுமே வழிகாட்டிகள். எனவே நிபந்தனையின் வாசகம், அதைக் களத்தில் நிறைவேற்றும் பணியாளரின் பதிவேடு, இவ்விரண்டைப் பொறுத்தே கடலின் கதி அமைகிறது.

நிலத்தின் கணக்கு கடலுக்குப் பொருந்துமா?

நிலத்தில் ஒரு தோப்பை வேலியிட்டுக் காக்கலாம். கடலில் வேலி இல்லை. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் தூர்வாரும் பொழுது எழும் வண்டல் நீரோட்டத்தோடு வந்து, காக்கப்பட்ட பவளத்தின்மீது படியும். ஆற்று முகத்துவாரத்தில் கலக்கும் கழிவு எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. இது ஒரு வேற்றுமை.

மற்றொன்று இன்னும் முக்கியமானது. கடல்வாழ் பிராணிகளிற் பெரும்பாலானவை தம் வாழ்நாளின் தொடக்கத்தை மிதக்கும் நுண்ணிய இளவுயிரிகளாகக் கழிக்கின்றன. ஒரு திட்டில் பிறந்த பவளத்தின் இளவுயிரி நீரோட்டத்தால் சுமந்து செல்லப்பட்டு வேறொரு திட்டில் சென்று ஒட்டிக்கொள்ளும். இறால் ஆழ்கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்கு வந்து அலையாத்தி வேர்களிடையே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகையால் ஓரிடத்துத் திட்டை அழித்தால், அதனின்று வித்துப் பெற்று வந்த தொலைவிலுள்ள திட்டும் நாளடைவில் நலியக்கூடும். இந்த இழப்பு எந்த வரைபடத்திலும் தோன்றாது. அதேபோல், ஈடாக உண்டாக்கப்படும் இடம் நீரோட்டத்தின் எதிர்ப்புறத்தில் அமைந்துவிட்டால், பரப்பளவு சரியாக இருந்தும் பயன் பாதியாகிவிடும்.

மூன்றாவது, கடலடியில் முன்பு என்ன இருந்தது என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை. காட்டிற்கு நூறாண்டுக் காலப் பதிவேடு உண்டு. கடற்புல் வெளிக்கு அத்தகைய பதிவேடு அரிது. மழைக்காலத்தில் மெலிந்து கோடையில் தழைக்கும் கடற்புல்லை ஒரே ஒரு முறை அளந்துவிட்டு, இங்கு வளம் குறைவு என்று எழுதுவது எளிது. அவ்வாறு எழுதப்பட்ட ஒரு வரி, ஈட்டின் அளவைப் பல மடங்கு குறைத்துவிடும்.

அலையாத்தி நடுதல்

கடற்கரை ஈட்டு முறைகளில் நமது பணியாளர்கள் நன்கு அறிந்தது அலையாத்தி நடுதலே. 2019 ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, அலையாத்திப் பகுதியின் ஊடே சாலை முதலியன அமைக்க நேர்ந்தால், அழியும் பரப்பைப்போல் குறைந்தது 3 மடங்கு பரப்பில் வேறிடத்தில் அலையாத்தி வளர்க்க வேண்டும் என்று விதிக்கிறது. 3 மடங்கு என்பது தாராளமாகத் தோன்றும். அது நடும் கன்றுகளின் கணக்கா, நிலைபெற்ற காட்டின் கணக்கா என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் பல ஆண்டுகளாகப் பெரும் செலவில் அலையாத்தி நடப்பட்டது. நீண்ட கால நோக்கில் பிழைத்தவை நூற்றுக்கு 10 முதல் 20 வரையே என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2008 ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். காரணம் விசித்திரமானதன்று. அலையாத்தி இயற்கையில் வளர்வது ஓத ஏற்றத்தின் மேற்பகுதியில்; நாள்தோறும் சில மணி நேரம் வேர்கள் காற்றைப் பெற வேண்டும். ஆனால் அத்தகைய மேட்டுப் பகுதிகள் மீன் பண்ணைகளாகவும் தனியார் நிலங்களாகவும் மாறிவிட்டன. எஞ்சிய தாழ்ந்த சேற்று வெளியிலும் கடற்புல் வெளியிலும், எளிதாகக் கிடைக்கும் சுரபுன்னை விதைக்கன்றுகளைக் குத்தி வைத்தனர். அவை நீரில் மூழ்கியும் கொட்டலசு படிந்தும் மாண்டன. நடும் இடத்தைத் தீர்மானித்தது ஓதத்தின் உயரம் அன்று, ஆட்சேபம் சொல்ல ஆளில்லாமையே எனலாம்.

இதில் மற்றொரு தீங்கும் மறைந்துள்ளது. மரமில்லாத சேற்று வெளி வெறுமையான இடம் என்று கருதப்படுகிறது. கட்ச் வளைகுடாவின் சேற்று வெளிகளைக் கண்டவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். 1982 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா அங்கே ஜாம்நகர்க் கரையோரம் அமைந்துள்ளது. அங்கே கடல் வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் சேறும் பாறையும் வெளிப்பட, நண்டும் புழுவும் தேடிக் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. அத்தகைய வெளியில் வெண்கண்டலை நட்டு அது நன்றாக வளர்ந்தும் விட்டால், ஒரு வாழிடத்தின் இழப்புக்கு மற்றொரு வாழிடத்தையும் இழந்தவர்களாவோம். பதிவேட்டில் இரண்டுமே வரவாகக் காணப்படும். 2023 ஆம் ஆண்டின் காடுகள் நிலை அறிக்கைப்படி நாட்டில் அலையாத்திப் பரப்பு சுமார் 4,992 சதுரக் கிலோமீட்டர். அதில் குஜராத்துக்கு மேற்கு வங்காளத்துக்கு அடுத்த இடம். இப்பரப்பு எண்ணைக் கொண்டு மகிழ்வதற்கு முன், எந்த நிலம் அலையாத்தியாயிற்று என்று கேட்பதும் முறையே.

நடுதலைவிடப் பல இடங்களில் பயன் தருவது, அடைபட்ட ஓடைகளைத் திறந்து ஓத நீர் வந்து போகச் செய்தல். நீரின் வரத்து சரியானால் விதைகள் தாமே வந்து முளைக்கும். இம்முறையில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்ட முடியாது என்பதால், கணக்குக் கேட்பவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

பவளத்தைப் பெயர்த்து நடுதல்

பவளம் தாவரம் அன்று. நுண்ணிய பூச்சிகளின் கூட்டம். ஒவ்வொரு பூச்சியும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டுகிறது. அதன் உடலினுள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து அதற்குப் பங்கு கொடுக்கின்றன. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி அளவு மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே, பாசிகள் வெளியேறப் பவளம் வெளிறிவிடும். வெப்பம் தணியாவிடில் மாண்டுவிடும். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரையே வளர்கின்றன. அரை மீட்டர் அகலமுள்ள ஒரு கூட்டம் ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலத்தின் வேலை.

பெயர்த்து நடும் முறை பின்வருமாறு. கூட்டத்தை அதன் அடிப்பாறையுடன் சேர்த்து உளியால் எடுக்க வேண்டும். சிறு கல்லின்மேல் இருப்பின் கல்லோடு தூக்குவதே நலம். கடல்நீர் நிரம்பிய தொட்டியில் நிழலில் வைத்து, இயன்றவரை விரைவாகக் கொண்டு செல்ல வேண்டும். புதிய இடம் ஆழத்திலும் ஒளியிலும் நீரோட்டத்திலும் பழைய இடத்தை ஒத்திருக்க வேண்டும். அலை அசைத்தால் ஒட்டு விட்டுப்போகும். ஆகவே சிமெண்டாலோ கடல்நீரில் இறுகும் பசையாலோ உறுதியாகப் பதிக்க வேண்டும். முதற் சில மாதங்களில் வண்டல் படிதல், நத்தை கடித்தல், ஒட்டு நழுவுதல் ஆகியவற்றால் இழப்பு நேரும். அதைக் கடந்தவையும் அடுத்து வரும் வெப்ப அலையில் மாளக்கூடும். ஆகையால் ஓராண்டு முடிவில் எடுத்த பிழைப்பு விகிதத்தை இறுதி முடிவாக அறிவிப்பது, நாற்று வேர்பிடித்ததைக் கண்டு அறுவடையைக் குறித்துக்கொள்வதை ஒக்கும்.

இம்முறையில் தேர்ச்சி பெற்றோர் நமது நாட்டில் உண்டு. ஆயினும் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். பெயர்த்து நடுதல் மீட்பு வேலை. அது ஈடு அன்று. நூறு கூட்டங்களை எடுத்து வேறிடத்தில் நட்டு நூறும் பிழைத்தாலும், உலகில் பவளக் கூட்டங்களின் எண்ணிக்கை முன்பிருந்த அதே நூறுதான். ஆனால் அவை வாழ்ந்த இடம், அதன் பொந்துகள், அங்கே இனி வந்து ஒட்டியிருக்கக்கூடிய தலைமுறைகள் ஆகியவை போய்விட்டன. அந்த இழப்புக்கு ஈடு தனியாகச் செய்யப்பட வேண்டும். மேலும், புதிய இடத்தில் பவளத்துக்கு இடமிருந்தது என்றால், இதுவரை அங்கே ஏன் பவளம் வளரவில்லை என்ற கேள்விக்கும் விடை காண வேண்டும். ஒன்று, அவ்விடம் பவளத்துக்கு ஒவ்வாதது. அல்லது அண்மையில் ஏதோ ஒரு காரணத்தால் பவளம் அழிந்து, அக்காரணம் இப்போது நீங்கியுள்ளது. இரண்டாவது நிலையே விரும்பத்தக்கது. அதனை நிறுவச் சான்று தேவை.

காரணம் நீங்கிய இடத்தில் எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதற்குக் கடற்புல் ஓர் உதாரணம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணக் கடற்கழிகளில் 1930-களில் நோயாலும் புயலாலும் கடற்புல் அடியோடு அழிந்தது. 1999 ஆம் ஆண்டு முதல் சுமார் 20 ஆண்டுகள் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகள் தூவப்பட்டன. விதைத்தது 213 ஹெக்டேர். பரவியதோ 3,600 ஹெக்டேருக்கு மேல். நீர் தெளிவாக இருந்தது, விதை மட்டுமே இல்லாதிருந்தது. அதுவே வெற்றியின் இரகசியம். அவ்வேலை எந்தத் துறைமுகத்துக்கும் ஈடாகச் செய்யப்பட்டதன்று என்பதும், அதற்கு 20 ஆண்டுகள் பிடித்தன என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும்.

மடங்கைக் கணக்கிடுதல்

ஈடு எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்பதை உயர் வகுப்பு மாணவரும் கணக்கிடலாம். பின்வருவது கற்பனைக் கணக்கு. ஆசிரியர்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டத்தக்கது.

ஒரு துறைமுகத்தால் 10 ஹெக்டேர் கடற்புல் அடியோடு அழிகிறது என்று கொள்வோம். 30 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் இழப்பு 10 × 30 = 300 ‘ஹெக்டேர்-ஆண்டு’. அதே நாளில் புதிய இடத்தில் நடத் தொடங்குகிறார்கள். நட்ட புல் சுழியிலிருந்து படிப்படியாக வளர்ந்து 10 ஆண்டுகளில் முழுப் பயனை அடைகிறது. முதல் 10 ஆண்டுகளின் சராசரிப் பயன் பாதி. ஆகவே ஒரு ஹெக்டேருக்கு 5. அடுத்த 20 ஆண்டுகளில் முழுப் பயன் 20. மொத்தம் 25. நட்டதில் பாதியே பிழைக்கும் என்று கொண்டால் 12.5. ஆகவே நட வேண்டிய பரப்பு 300 ÷ 12.5 = 24 ஹெக்டேர். ஒன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் 10 ஹெக்டேர் நட்டிருந்தால், இழப்பில் பாதிகூட ஈடாகியிராது.

நடும் வேலை 5 ஆண்டுகள் தாமதமானால், ஒரு ஹெக்டேரின் பயன் 5 + 15 = 20; பாதி பிழைத்தால் 10; தேவை 30 ஹெக்டேர். மாறாக, இழப்பு நேரும் நாளில் புல் முற்றும் வளர்ந்திருக்குமாறு 10 ஆண்டுகள் முன்னரே தொடங்கி, முன்பு பெற்ற பயனை விட்டுவிட்டால்கூட, 30-இல் பாதி 15. தேவை 20 ஹெக்டேர்தான். அமெரிக்கக் கடலியல் நிர்வாகத்தினர் கப்பல் தரைதட்டிச் சேதமான கடற்புல்லுக்கும் பவளத்துக்கும் இவ்வகைக் கணக்கையே பயன்படுத்துகின்றனர். வருங்காலப் பயனை ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வீதம் குறைத்து மதிப்பதால், அவர்களுடைய மடங்கு இன்னும் உயரும். தாமதத்துக்கும் தோல்விக்கும் உரிய விலையை மடங்கில் சேர்ப்பதே இக்கணக்கின் உட்பொருள். தடித்த எழுத்தில் 3 மடங்கு என்று அச்சிட்டுவிடுவதால் மட்டும் அந்த விலை செலுத்தப்பட்டதாகாது.

கிரேட் நிகோபார்

கணக்கு கைகொடுக்காத இடங்களும் உண்டு. கிரேட் நிகோபார்த் தீவின் தென்கோடியில் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் ஒன்றும், தீவில் விமான நிலையமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022 ஆம் ஆண்டு நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை கணக்கிட்ட 20,668 பவளக் கூட்டங்களில் 16,150 கூட்டங்களைப் பெயர்த்து நட வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 4,518 கூட்டங்களின் கதி என்ன என்பது சொல்லப்படவில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் சுட்டிக்காட்டி, ஆராய ஒரு குழுவை நியமித்தது. மும்பையில் 18, இங்கே பதினாறாயிரத்துக்கு மேல். சிறு அளவில் கைவேலையாக வெற்றி பெற்ற ஒரு முறை, அதன் ஆயிரம் மடங்கு அளவில் அவ்வாறே நடக்கும் என்று முன்கூட்டிக் கருதிவிட இடமில்லை. மூழ்குவோர், படகுகள், நல்ல வானிலை நாட்கள் யாவும் எண்ணிக்கையில் அடங்கியவை.

அதே விரிகுடாவின் மணற்கரையில் எழுவரி ஆமைகள் முட்டையிடுகின்றன. கடலாமைகளில் இதுவே மிகப் பெரியது. தான் பிறந்த பகுதிக்கே பல்லாண்டுகளுக்குப் பின் திரும்பி வரும் இயல்புடையது. அதனைப் பெயர்த்து நட இயலாது; புதிய கரைக்கு வருமாறு கற்பிக்கவும் இயலாது. இவ்விடத்தில் வேறொரு வகை ஈடு கையாளப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் லிட்டில் நிகோபார்த் தீவில் இந்த ஆமைக்கும், மெரோ தீவில் பவளத்துக்கும், மெஞ்சல் தீவில் மண்மேடிட்டு முட்டை வைக்கும் மெகபோடு என்னும் பறவைக்கும் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. கலாத்தியா விரிகுடாவில் முன்பிருந்த சரணாலயம் 2021 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டிருந்தது.

ஏற்கனவே நன்றாக இருக்கும் ஓரிடத்தைப் பாதுகாப்பதாக அறிவித்தல் எப்போது ஈடாகும்? அவ்வறிவிப்பு இல்லாவிடில் அவ்விடம் அழிந்திருக்கும் என்று காட்ட முடியுமானால் மட்டுமே. எவரும் தொடாத தீவைக் காப்பதாக அறிவித்தால் வரவில் எதுவும் கூடுவதில்லை; முன்பிருந்த இரண்டில் ஒன்று போய், ஒன்று எஞ்சுகிறது. இதனை வல்லுநர் ‘கூடுதல் பயன்’ என்னும் நிபந்தனையாகக் கூறுவர். ஈட்டு முறையின் நிபந்தனைகளில் மிகவும் மீறப்படுவது இதுவே. அத்தீவின் காட்டு இழப்புக்கு ஈடாக ஹரியானா மாநிலத்தில் காடு வளர்ப்பது என்று செய்யப்பட்ட ஏற்பாட்டிலோ, ‘நிகரானது’ என்னும் நிபந்தனையே கேள்விக்குரியதாகிறது. வெப்ப மண்டல மழைக்காட்டுக்கும் ஆரவல்லி அடிவாரத்துக்கும் பொதுவானது ஹெக்டேர் என்னும் அளவு ஒன்றே.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் நிலநடுக்கத்தில் அத்தீவின் தென்கோடி சுமார் 4 மீட்டர் தாழ்ந்து, முட்டையிடும் கரைகள் கடலுள் அமிழ்ந்தன. சில ஆண்டுகளில் மணல் மீண்டும் சேர, ஆமைகளும் திரும்பின. இயற்கையின் பேரழிவிலிருந்து கடற்கரை மீள்கிறது. ஆகவே கட்டுமானத்திலிருந்தும் மீளும் என்று இதைக்கொண்டு வாதிப்பவர்கள் உளர். மணல் மீண்டும் வந்து சேர்ந்தது, அங்கே அலைதடுப்புச் சுவர் இல்லாததனால்தான்.

மீனவர் கணக்கு

உயிரின ஈட்டில் மனிதரின் கணக்கு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வற்றிய கடலில் கிளிஞ்சில் பொறுக்கும் பெண்களுக்கு 40 கிலோமீட்டர் தொலைவில் நடப்படும் அலையாத்தியால் பயன் இல்லை. மும்பைச் சாலை வேலையில் வொர்லிக் கோலிவாடா மீனவர் தங்கள் கோரிக்கையை முன்வைத்தனர். தங்கள் படகுகள் கடலுக்குச் செல்லும் வழியில் அமையும் பாலத் தூண்களிடையே 60 மீட்டர் இடைவெளி போதாது என்றே போராடினர். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் அது 120 மீட்டராக மாற்றப்பட்டது. ஈட்டு முறையின் வரிசையில் இது முதற்படியான தவிர்த்தலைச் சேர்ந்தது. அதனைக் கேட்டுப் பெற்றவர்கள் மீனவர்களே. களப்பணியாளர் கணக்கெடுப்புக்குச் செல்லும்போது, எந்த மாதத்தில் எந்த மீன் எங்கே படும், எந்தத் திட்டு எப்போது மூழ்கியது என்று மீனவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது மரியாதைக்காக மட்டும் அன்று. பழைய பதிவேடு இல்லாத கடலுக்கு அவர்களுடைய நினைவே பதிவேடு.

களத்தில் செய்ய வேண்டியவை

வேலை தொடங்குமுன் குறைந்தது ஓராண்டு, பருவத்துக்கு ஒரு முறையாவது அளத்தல் வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவற்ற நாட்களில் கரையோரத் திட்டுகள் நன்கு வெளிப்படும். 1 மீட்டர் சதுரச் சட்டத்தை ஒரே கோட்டில் 10 மீட்டருக்கு ஒரு முறை வைத்து, சட்டத்துள் பவளம், கடற்புல், பாசி, மணல் எவ்வளவு பங்கு என்று குறிக்க வேண்டும். நன்றாக இருக்கும் இடத்தில் மட்டும் சட்டத்தை வைக்கும் ஆசை எவருக்கும் உண்டாகும். கோட்டை முதலில் வரைந்துவிட்டால் அது நேராது. அட்டவணையில் பெயர் உள்ள இனங்களை மட்டுமின்றி, சட்டத்துள் காணும் அனைத்தையும் எழுத வேண்டும்.

அழியவிருக்கும் இடம், ஈடு செய்யும் இடம் ஆகிய இரண்டுடன், எந்த வேலையும் நடவாத மூன்றாம் இடம் ஒன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். ஒரு கோடையில் நட்ட பவளம் வெளிறினால், மூன்றாம் இடத்திலும் பவளம் வெளிறியதா என்று பார்த்தே குறை நடுதலில் உள்ளதா, கடலின் வெப்பத்தில் உள்ளதா என்று சொல்ல இயலும். மூன்றாம் இடத்தின் அளவு இல்லாத அறிக்கையில் வெற்றியையும் நிறுவ முடியாது, தோல்வியையும் நிறுவ முடியாது. நட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் எண் பொறித்த தகடு பதித்து, அளவுகோலுடன் சேர்த்து ஒரே கோணத்தில் படம் எடுத்தல் நன்று. மாண்டவற்றின் எண்களைப் பட்டியலினின்று அடித்துவிடாமல், மாண்ட நாளுடன் அப்படியே வைத்திருக்க வேண்டும். பல பட்டியல்களில் பிழைப்பு விகிதம் ஆண்டுதோறும் உயர்ந்து வருவதன் காரணம், காணாமற் போனவை கூட்டுத்தொகையிலிருந்து நீக்கப்படுவதே.

கடற்கரைக்கு அழைத்துச் செல்ல இயலாத பள்ளிகளில் இச்சட்ட முறையை விளையாட்டுத் திடலின் புற்களைக் கொண்டே பழக்கலாம். கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, திடலின் ஒரு பாதியில் கோடு வரைந்து பத்து இடங்களிலும், மறுபாதியில் மாணவர் தாமே தேர்ந்த பத்து இடங்களிலும் வைத்து, காணும் செடிவகைகளை எண்ணச் செய்ய வேண்டும். இரு பட்டியல்களுக்கும் உள்ள வேற்றுமையை மாணவர்களே கண்டு சொல்வார்கள். பின்னர் அத்திடலில் ஒரு கட்டடம் எழும்புவதாகக் கொண்டு, பதிலாக எந்த இடத்தில் எவ்வளவு பரப்பு வேண்டும் என்று அவர்களை வாதிடச் செய்யலாம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டடத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டினால் என்ன என்று கேட்பானாகில், அவனை இடைமறிக்க வேண்டியதில்லை.